அந்த ஜீப்புக்கு எந்தப் பம்ப்?

வவுனியா நெளுக்குளத்தில் எங்கள் கராஜுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "பம்ப் பாஸ் நிக்கிறாரோ?" என்பார்கள். "நான்தான். சொல்லுங்கோ" என்பேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிலர் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் நிற்பதைக் கண்டதும் வாகனத்தின் வருத்தத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். வாகனத்திலிருந்து டீசல் பம்பைக் கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும் என் கணவரின் வேலை. அதைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி அளவு பார்ப்பது என் வேலை. கலியாணத்துக்கு முன்பே நான் இந்த வேலையைப் படித்துச் செய்துகொண்டிருந்தவள். எனக்குக் கோபம் அதிகம், அது ஊரறிந்த விஷயம். ஆனால் ஒரு சின்ன ஸ்பிரிங்கோடு நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

எனக்கும் என் கணவருக்கும் வருகிற சண்டைகளில் பாதி, நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், இழுக்கிற ஜீப்புக்கு எந்தப் பம்ப் நல்லது என்பதில்தான் வரும். மற்றப் பாதி எதில் வரும் என்று இங்கே சொல்லத் தேவையில்லை.

நான் லைன் பம்பின் ஆள். எஞ்சினின் பக்கத்தில் ஒரு நீளப் பெட்டி, அதன் தலையில் வரிசையாகக் குழாய்கள். நாலு சிலிண்டர் என்றால் உள்ளே நாலு பிஸ்டன், ஒவ்வொன்றும் தன்னுடைய சிலிண்டருக்கு மட்டும் டீசலைத் தள்ளும். ஒன்று தேய்ந்து போனாலும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேரும். புகைக்கும், நடுங்கும், ஆனால் வரும். அதன் வயிற்றுக்குள் எஞ்சின் ஒயில் ஓடுகிறது. கனமான சாமான், சத்தம் கூட, அவசரப்படாது. அதை நிறுத்துவதற்குக்கூட ஒரு கம்பியை இழுத்தால் போதும், கரண்டு தேவையில்லை.

என் கணவர் ரோட்டரியின் ஆள். அது கைக்குள் அடங்குகிற உருண்டைச் சாமான். உள்ளே ஒரே ஒரு பிஸ்டன் சுழன்று சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் முறை வைத்துப் பங்கு போடும். எடை குறைவு, சத்தம் குறைவு, மிதித்தவுடன் பாயும். "உம்மடை லைன் பம்ப் மாட்டு வண்டில்" என்பார் அவர். "மாட்டு வண்டில் நடுக்காட்டிலை நிண்டதை எங்கையாவது கண்டனீங்களோ?" என்று நான் கேட்பேன். ரோட்டரிக்கு ஒயில் கிடையாது. தான் அனுப்புகிற டீசலின் வழுவழுப்பில்தான் அது உயிர் வாழ்கிறது. அந்த ஒரு பிஸ்டன் கீறுப்பட்டால் நாலு சிலிண்டரும் பட்டினி. அதன் தலையில் உள்ள ஒரு வயர் கழன்றால்கூட நின்றுவிடும்.

மூன்றாவது, இப்போது புதிதாக வருகிற கொமன் ரெயில். ஒரு பம்ப் எல்லாவற்றையும் ஒரே குழாயில் பயங்கர அழுத்தத்தில் அடைத்து வைக்கும். எப்போது, எவ்வளவு என்று கொம்பியூட்டர் சொல்ல, நொசில் திறக்கும். முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் அப்படி ஒரு பிக்கப் வைத்திருக்கிறார். வேலைக்கு அல்ல, என்னோடு வாதாடுவதற்காகவே எங்கள் வாசலில் நிறுத்துவார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, புகையைக் காட்டச் சொல்லிச் சவால் விடுவார். புகை இல்லைத்தான். இழுவையும் இரண்டு மடங்கு. நல்ல ரோட்டில் ஓடி, நல்ல எரிபொருள் செட்டில் டீசல் அடிக்கிற அவருக்கு அது சரியான வாகனம், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் டாங்கிக்குள் போனால் அதே வாகனம் லைட்டைப் போட்டுக்கொண்டு கோபித்த மருமகள் மாதிரி ஓரத்தில் நின்றுவிடும். அப்போது நானும் என் கணவரும் அதைச் சுற்றி நடக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

இப்படி எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தப் பச்சை ஜீப் வந்த பிறகு நான் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது.

அதை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பெண். பெற்றோர் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் பேச்சில் மலைநாடு அப்படியே இருந்தது. வயலும் கச்சான் கடலையும் செய்கிற குடும்பம், குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ளுக்கு வீடு. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் அந்த ஊருக்குப் போகிற தாழ்ந்த பாலத்தின் மேலால் தண்ணீர் ஓடும். பஸ் வராது, முச்சக்கர வண்டி வராது. நாலு சில்லும் இழுக்கிற வாகனம் மட்டும்தான் கடக்கும்.

பின் சீட்டில் அவருடைய கணவர் இருந்தார். ஒரு காலத்தில் லொறி ஓட்டியவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு முறை வவுனியா ஆசுபத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவருக்கு வருத்தம் வந்த பிறகுதான் அந்த அக்கா வாகனம் ஓட்டப் பழகியிருக்கிறார்.

"சூடானதும் நின்னுடுதுங்க, தங்கச்சி" என்றார் அக்கா. "ஆறினாத்தான் திரும்ப ஸ்டார்ட் ஆகுது. நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். போத்தல்ல தண்ணி கொண்டாந்து அந்தப் பம்பு தலையில ஊத்துவேன். உடனே புடிச்சுக்கும்."

எனக்கு அவரை அங்கேயே பிடித்துப்போயிற்று. பம்ப் வேலை செய்கிற நாங்கள் பார்க்கிற சோதனையும் அதுதான். ரோட்டரியின் பிஸ்டன் தேய்ந்தால், சூட்டில் டீசல் மெலிந்து இடைவெளியால் கசிந்துவிடும், எஞ்சின் பிடிக்காது. பம்பைக் குளிர வைத்தால் பிடிக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். நான் பம்பைப் பிரித்தேன். நினைத்தபடியே பிஸ்டன் முழுக்கக் கீறல். அந்தப் பிஸ்டன் இருக்கிற தலையைப் புதிதாக மாற்றி, பெஞ்சில் ஓட்டி, நாலு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே உயரத்தில் நிற்கிற வரைக்கும் திருகித் திருகிச் சரிபார்த்துக் கொடுத்தேன். "இனி வருசக்கணக்கா என்னட்டை வரமாட்டியள்" என்று சொன்னேன்.

அந்த மாரி தொடங்க முன்பே ஜீப் திரும்பி வந்தது. அதே வருத்தம், அதே கீறல்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. சாமான் போலியோ என்று விற்றவரிடம் தொலைபேசியில் கத்தினேன். டீசலில் தண்ணீரோ என்று பில்டரை வடித்து இரண்டு தரம் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. "கைராசி" என்றார் என் கணவர். அன்றைக்கு அவருக்குப் பிளேன்டீ கிடைக்கவில்லை.

"அக்கா, எங்கை டீசல் அடிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆசுபத்திரிக்கு வர்ற நாள்ல டவுன் செட்டுலதாங்க."

செட்டில் பிழை இல்லை, அதே டீசல்தான் எங்கள் பிக்கப்பும் குடிக்கிறது. காரணம் பிடிபடாமலே இரண்டாம் முறையும் தலையை மாற்றிக் கொடுத்தேன். அது என் நெஞ்சில் ஒரு முள்ளாகவே கிடந்தது. நான் பூட்டிக் கொடுத்த பம்பை நம்பி ஒரு மனிதர் ஆசுபத்திரிக்குப் போய் வருகிறார் என்ற எண்ணம் சாப்பிடும்போதுகூட வந்து நின்றது.

கொஞ்ச நாளில் மழை பிடித்தது. விடாத மழை. ஒரு காலையில் அக்கா போன் எடுத்தார். குரல் உடைந்திருந்தது.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னுடிச்சி, தங்கச்சி. தண்ணி ஊத்திப் பாத்துட்டேன், இன்னைக்கு அதுக்கும் மசியல. கொளம் வான் பாயுது. இவருக்கு ஏற்கனவே மூச்சு வாங்குதுங்க."

நாங்கள் எங்கள் பழைய பிக்கப்பில் புறப்பட்டோம். அதுவும் நாலு சில்லும் இழுக்கும். லைன் பம்ப். அன்றைக்கு என் கணவர் மாட்டு வண்டில் என்று சொல்லவில்லை. பாலத்தின் மேல் பழுப்புத் தண்ணீர் வேகமாக ஓடியது. அவர் சின்ன கியரில் போட்டு, காலை அசைக்காமல் ஒரே சீராக ஓட்டினார். சத்தம் மாறாமல் அக்கரை போய்ச் சேர்ந்தோம். ஜீப்புக்குள் அந்த அண்ணை சாய்ந்து கிடந்தார். முகமும் பாதமும் ஊதியிருந்தன. "சும்மா செரமப்படுத்துறோம்" என்று என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதைக் கோபமாக மாற்றி, "கதைக்காமல் ஏறுங்கோ, அண்ணை" என்றேன்.

என் கணவர் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனார். நான் ஜீப்போடு நின்றேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. சும்மா நிற்கத் தெரியாதவள் என்பதால் பில்டரைக் கழற்றி உள்ளிருந்ததை ஒரு வெறும் தண்ணிப் போத்தலில் வடித்தேன். தண்ணீர் இல்லை, அழுக்கு இல்லை. ஆனால் மணம் வேறு. விரலில் தொட்டு உரசிப் பார்த்தேன். டீசல் என்றால் வழுக்கும், இது வறண்டு போய்க் கையில் ஒட்டியது. மண்ணெண்ணெய். பாதிக்குப் பாதியாவது இருக்கும்.

அந்த மணம் கராஜில் ஏன் என் மூக்குக்குப் படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நாங்கள் சாமான் கழுவுவதே மண்ணெண்ணெயில்தான். என் கை, உடுப்பு, தலைமயிர் எல்லாம் அந்த மணம்தான். மழை கழுவிய அந்தக் குளக்கரையில் நின்றபோதுதான் என் மூக்குக்கு அது தனியாகத் தெரிந்தது.

பின்னேரம் அவர்களை வீட்டில் இறக்கும்போது நானும் ஏறிப் போனேன். அண்ணைக்கு முகம் வற்றி, மூச்சுச் சீராகியிருந்தது. வளவுக்குள் இறங்கியதும் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக வாகனம் நிறுத்துகிற கொட்டிலுக்குப் போனேன். இரண்டு பெரிய பீப்பாய். ஒன்று டீசல், ஒன்று மண்ணெண்ணெய். ஒரு வாளி, கலக்குகிற தடி, துணி கட்டிய புனல். எல்லாம் துடைத்துச் சுத்தமாக அடுக்கி வைத்திருந்தது.

"ஆர் இதைக் கலக்கிறது?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"நாந்தான்" என்றார் அண்ணை. பெருமையாகவே சொன்னார். "யுத்தத்துல டீசல் வராத காலத்துல நான் லொறியை மண்ணெண்ணெயிலேயே ஓட்டினவன், தங்கச்சி. கெளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மூட்டை ஏத்திக்கிட்டு. ஒருநாள் மக்கர் பண்ணினதில்ல. டீசல் எஞ்சின் எதையும் குடிக்கும்."

"அந்த லொறிக்கு லைன் பம்ப், அண்ணை!" என்று நான் கத்தினேன். "அதுக்கு வயித்துக்கை ஒயில் ஓடுது, அது தாங்கும். இது ரோட்டரி. நீங்கள் ஊத்திற மண்ணெண்ணெய் இதுக்கு நஞ்சு. மூண்டு பம்புத் தலையைத் திண்டிட்டியள். இண்டைக்கு உங்களையும் திண்டிருக்கும்!"

அண்ணை கையில் எடுத்த புனலைத் திரும்ப அதன் ஆணியில் மாட்டிவிட்டு, மெல்ல நடந்து போய்க் கதிரையில் இருந்தார்.

அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மண்ணெண்ணெய் கலக்கிற விஷயம் அவருக்கும் தெரியாது. இரண்டு பீப்பாயிலும் இருப்பது டீசல் என்றே நினைத்திருந்தார். ஆனால் ஏன் கலந்தார் என்பது தெரியும்.

"நாடு முழுக்க டீசல் இல்லாம கெடந்திச்சே, அப்ப லைன்ல நின்னு நின்னு எங்களுக்குக் கெடைக்கல. ஒரு தவணை ஆசுபத்திரிக்குப் போக முடியல. அடுத்த தவணைக்குள்ள மனுசன் செத்துப் பொழைச்சாரு. அதுக்கப்புறம் டாங்கி ஒரு விரக்கட கொறஞ்சாலும் அவருக்குத் தூக்கம் வராது. செட்டு தூரம். இங்க கடையில மண்ணெண்ணெய்தான் கெடைக்கும். அவரு குடிக்கிற தண்ணிய டாக்டர் அளந்துதான் குடுக்கச் சொல்லியிருக்காரு. ஜீப்புக்காவது வயிறு நெறய ஊத்துறாரு. வயலுக்குப் போக முடியாது, வண்டி ஓட்ட முடியாது. அவருக்குன்னு இருக்கிற வேலை இது ஒண்ணுதான். ஏசாதீங்க."

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். இன்னொரு தவணை விடுபட்டுவிடுமோ என்ற பயத்தில் அவர் ஊற்றியதே அவரைப் போகவிடாமல் பாலத்தடியில் நிறுத்தியிருந்தது. நான் கத்தியது சரிதான், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பீப்பாயைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எறிந்தாலும் அந்தப் பயம் போகாது, வேறொன்றைக் கொண்டுவந்து ஊற்றும்.

திரும்பி வரும் வழியில் என் கணவரிடம் சொன்னேன்.

"அந்த ஜீப்புக்கு லைன் பம்ப் போடுவம்."

"அதுக்கு ரோட்டரிதான் கணக்கு. எஞ்சினுக்கு..."

"எஞ்சினுக்கு இல்லை. அந்த மனுசனுக்கு."

அவர் கியரை மாற்றினார். பிறகு, "அதே எஞ்சின் பூட்டின சின்ன லொறி ஒண்டு லைன் பம்போடை கிளிநொச்சிப் பக்கம் உடைப்புக்குக் கிடக்குது. கண்டனான்" என்றார். இருபது வருடச் சண்டையில் அவர் தானாக இறங்கி வந்த நாள் அது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை, அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரே எஞ்சினுக்கு இரண்டு விதமான பம்பும் வந்திருந்தால்தான் இது சரிவரும். லொறியிலிருந்து பம்பை மட்டும் கொண்டுவந்தால் போதாது. அதைத் தாங்குகிற பிறக்கட், அதைச் சுழற்றுகிற பல்சில்லு, முன்மூடி, ஒயில் போகிற குழாய் எல்லாம் ஒரே வாகனத்திலிருந்து சேர்ந்து வர வேண்டும். அந்த வேலை முடியும் வரைக்கும் எங்கள் பிக்கப்தான் அண்ணையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் வந்தது. அந்தப் பயணங்களில் அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஜன்னலால் பார்த்துக்கொண்டே வருவார்.

ஜீப்பைக் கையளித்த அன்று எஞ்சின் பழையதைவிடச் சத்தமாக ஓடியது. என் கணவர் காதைப் பொத்திக் காட்டினார். அண்ணை பொனற்றுக்குள் தலையை விட்டு, வரிசையாக நின்ற நாலு குழாயையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தெரிந்த ஒருவரைக் கண்ட மாதிரி முகம் மலர்ந்தது.

"என் லொறியில இருந்தது இது" என்றார். பிறகு தயங்கி, "இது குடிக்குமா, தங்கச்சி?" என்று கேட்டார்.

எனக்கு உண்மை தெரியும். லைன் பம்பின் பிஸ்டனுக்கும் மண்ணெண்ணெய் நல்லதல்ல. ஆனால் மெதுவாகத்தான் தேயும், சொல்லிவிட்டுத்தான் நிற்கும். அதையும் அப்படியே சொன்னேன்.

"குடிக்கும், அண்ணை. நல்லதெண்டு சொல்லமாட்டன். ஆனால் டீசல் ஒரு சொட்டும் கிடைக்காத நாளிலை மண்ணெண்ணெயை ஊத்திக்கொண்டு வாங்கோ. கொஞ்சம் எஞ்சின் ஒயிலும் சேருங்கோ. இந்தப் பம்ப் உங்களை ஆசுபத்திரி வாசலிலை கொண்டுவந்து விடும். அதுக்கு நான் பொறுப்பு."

அவர் தலையாட்டினார். எப்படியும் கலக்கத்தான் போகிறார், அடுத்த மாரிக்குப் பம்பைப் பிரிக்க வேண்டி வரும் என்று நான் கணக்குப் போட்டு வைத்தேன்.

அடுத்த மாரி தொடங்க முன் ஆசுபத்திரியால் திரும்புகிற வழியில் வந்தார்கள். பில்டர் மாற்ற வேண்டுமாம். இந்த முறை நான் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, ஜீப்பை வெளியே வேப்பமரத்தடிக்கு எடுக்கச் சொன்னேன். பில்டரை வடித்து மணந்து பார்த்தேன். விரலில் உரசிப் பார்த்தேன். வழுக்கியது. இன்னொரு முறை மணந்தேன். சுத்த டீசல்.

"அண்ணை, மண்ணெண்ணெய்ப் பீப்பாய் முடிஞ்சுதோ?"

"இல்லியே. நெறய இருக்கு."

"பிறகேன் ஊத்தயில்லை? இது குடிக்குமெண்டு சொன்னனான்தானே?"

அவர் சீட்டில் சாய்ந்து இருந்தபடி என்னைப் பார்த்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"குடிக்கும்னு நீங்க சொன்ன அன்னைக்கே பயம் போயிடிச்சி, தங்கச்சி. டீசல் இல்லாட்டியும் போய்ச் சேந்துரலாம்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு அதைக் கலக்கணும்? டீசல் பீப்பாய மட்டும் நெரப்பி வைக்கிறேன். மத்தது கெடக்கு. ராவைக்குப் படுக்கமுன்ன போய் மூடியைத் தட்டிப் பாத்துட்டு வந்துருவேன். நல்லாத் தூங்குறேன்."

நான் புதுப் பில்டரைப் பூட்டினேன். கண் கலங்கியதை என் கணவர் கண்டுவிட்டார், ஆனால் பகிடி விடவில்லை. அக்கா சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "கொளம் நெறயுது, போயிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு அக்கா ஜீப்பை ரோட்டில் ஏற்றினார்.